ஓக் மரத்துக்குள் ஒளிந்திருந்த நிறம்

கெமிஸ்ட்ரி லேப்ல அம்மோனியா பாட்டிலைத் திறந்துட்டு, அடுத்த நொடியே தலையைப் பின்னால இழுத்த அனுபவம் உங்களுக்கும் இருக்கும். கண்ணுல தண்ணி, மூக்குல எரிச்சல், பக்கத்துல நிக்கிறவன் சிரிப்பு. அந்த நெடியை ஒரு அறைக்குள் அடைத்து, அதற்குள் நாற்காலிகளையும் மேசைகளையும் வைத்துப் பூட்டி, நூறு வருஷத்துக்கு முன்னால் அமெரிக்க வீடுகளின் நிறத்தையே மாற்றிய ஒருவரைப் பற்றித்தான் இந்த முறை சொல்லப் போகிறேன். பெயர் குஸ்தாவ் ஸ்டிக்லி. மரச்சாமான் செய்தவர், பத்திரிகை நடத்தியவர், கடைசியில் திவாலானவர்.

1858 மார்ச் 9 அன்று விஸ்கான்சின் மாநிலத்தின் ஆஸியோலா என்ற சிற்றூரில் பிறந்தார். ஜெர்மனியிலிருந்து குடியேறிய குடும்பம். பெயரே முதலில் ஸ்டோக்கல் என்றுதான் இருந்தது, ஸ்டிக்லி என்பது பின்னால் மாறியது. அப்பாவுக்குக் கல் வேலை, கூடவே கொஞ்சம் விவசாயம். பையனும் சின்ன வயசிலேயே படிப்பை விட்டுவிட்டு அப்பாவோடு கல் தூக்கப் போனான். அந்த வேலை அவனுக்குச் சுத்தமாப் பிடிக்கலை. கல் கனமானது, சொன்ன பேச்சு கேட்காதது. அந்த வெறுப்பு கடைசி வரை மறக்கவில்லை என்பது அவர் பின்னாளில் எழுதியதில் தெரிகிறது.

1870களின் நடுவில் அப்பா குடும்பத்தைக் கைவிட்டுவிட்டார். அம்மா பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பென்சில்வேனியாவின் பிராண்ட் என்ற ஊருக்கு, உறவினர் வீட்டை நம்பி வந்தார். அங்கே மாமாவுக்கு நாற்காலித் தொழிற்சாலை இருந்தது. பதின்வயதில் குஸ்தாவ் மரத்தைத் தொட்டது அங்கேதான். கல்லோடு மல்லுக்கட்டிய கைக்கு மரம் ஒரு விடுதலை மாதிரி இருந்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு அவர் மரத்தை விடவே இல்லை. தம்பிகள் நாலு பேரும் ஒவ்வொருவராக இதே தொழிலுக்கு வந்தார்கள். இந்தத் தம்பிகளை மனசுல வெச்சுக்கோங்க, பின்னால வருவாங்க.

1880களில் தம்பிகள் இருவரோடு சேர்ந்து ஒரு கம்பெனி தொடங்கினார். கொஞ்ச நாளில் அதை நியூயார்க் மாநிலத்தின் பிங்ஹாம்டனுக்கு மாற்றினார்கள். கையில் காசு இல்லை, எந்திரம் வாங்க வழியில்லை. துடைப்பக் கைப்பிடி கடைகிற ஒருவரிடம் நல்ல கடைசல் எந்திரம் இருந்தது. அதைப் பயன்படுத்திக்கொள்ள அவரிடம் அனுமதி வாங்கி, நாற்காலியின் எளிய பாகங்களைக் கடைந்தெடுத்தார்கள். அந்த எந்திரத்தில் வளைவு நெளிவு, பூ வேலைப்பாடு எதுவும் வராது. அதனால் வந்த நாற்காலிகள் எல்லாம் ஷேக்கர் சமயக் குழுவினர் செய்வது போல ஒல்லியாக, வெறுமையாக இருந்தன. ஆச்சரியம் என்னவென்றால், அவை விற்றன. வறுமைதான் தன்னை வழக்கமான பாணியிலிருந்து காப்பாற்றியது என்று அவரே பின்னால் நினைத்துப் பார்த்திருக்கிறார்.

ஆனால் அந்த எளிமை உடனே நிலைக்கவில்லை. அடுத்த பத்து வருஷமும் எல்லாரையும் போல அவரும் மார்க்கெட் கேட்டதைச் செய்தார். நடுவில் ஆபர்ன் சிறைச்சாலையின் மரச்சாமான் தயாரிப்பை நிர்வகிக்கும் வேலை கூடப் பார்த்தார். அந்தக் காலத்து அமெரிக்க வீட்டுக்குள் நுழைந்தால் மூச்சு முட்டும். எந்திரத்தில் அச்சடித்த செதுக்கல்களை வெட்டி ஒட்டிய நாற்காலிகள், அதன் மேல் கண்ணாடி மாதிரி பளபளக்கும் வார்னிஷ். ஓக் மரத்துக்கு அப்போது பிடித்த நிறம் தங்க மஞ்சள். மட்டமான மரத்தின் மேல் உசத்தி மரத்தின் ரேகையை வரைந்து விற்பதும் சகஜம். எதுவுமே தன் நிஜ முகத்தோடு இல்லை.

1890களின் பிற்பகுதியில் ஸ்டிக்லி ஐரோப்பா போனார். இங்கிலாந்தில் ஜான் ரஸ்கினும் வில்லியம் மோரிஸும் கிளப்பிய விவாதம் அப்போது சூடாக இருந்தது. தொழிற்சாலை மனிதனைக் கருவியாக்கிவிட்டது, கையால் நேர்மையாகச் செய்த பொருள்தான் செய்தவனுக்கும் வாங்கியவனுக்கும் மரியாதை என்பது அவர்கள் வாதம். நாற்பது வயதில் தொழிலில் ஓரளவு நிலைத்துவிட்ட ஒருவர் இதைக் கேட்டுவிட்டு, நல்ல கருத்துதான் என்று தலையாட்டிவிட்டு வந்திருக்கலாம். இவர் ஊருக்குத் திரும்பி, சிரக்யூஸ் நகரின் ஈஸ்ட்வுட் பகுதியில் தன் பெயரிலேயே ஒரு கம்பெனி தொடங்கி, செய்துகொண்டிருந்த பாணியையே தூக்கிப் போட்டார். 1900 ஜூலையில் மிச்சிகனின் கிராண்ட் ராப்பிட்ஸ் மரச்சாமான் சந்தையில் புதிய வகைகளைக் கொண்டுபோய் வைத்தார்.

நேர்க்கோடுகள், தடித்த பலகைகள், செதுக்கல் கிடையாது. முதல் வருஷம் வொர்க்‌ஷாப்ல மார்ட்டிஸ் டெனான் ஜாயின்ட் போட்டிருப்பீங்களே? ஒரு கட்டையில துளை, இன்னொரு கட்டையில அதுக்குள்ள போய் உட்காருற நாக்கு. நாம அதை வெளியில தெரியாம மறைக்கப் பார்ப்போம். ஸ்டிக்லி அந்த நாக்கை மறுபக்கம் வரை நீட்டி, எல்லாரும் பார்க்கிற மாதிரி விட்டார். பொருளை எது தாங்குகிறதோ அதுவே அதற்கு அலங்காரம் என்பது அவர் கணக்கு.

இப்போது நிறத்துக்கு வருவோம். என்னைப் பொறுத்தவரை அவருடைய முழு வாழ்க்கையும் இந்த ஒரு விஷயத்தில் அடங்கியிருக்கிறது.

வடிவத்தை நேர்மையாக்கியாயிற்று. மேலே என்ன பூசுவது? எதுவுமே பூசாமல் விட்டால் புதிதாக அறுத்த ஓக் வெளிறிய வைக்கோல் நிறத்தில் இருக்கும், கனமான அந்த வடிவத்துக்குக் கொஞ்சமும் பொருந்தாது. சாயம் பூசினால் வேறொரு சிக்கல். ஓக் கட்டையை மையத்திலிருந்து ஆரம் வழியாக அறுத்தால் பலகையில் பளிச்சென்று பட்டைகள் தெரியும், புலி வரி மாதிரி. மரம் உயிரோடு இருந்தபோது நடுவிலிருந்து வெளிப்பக்கம் ஓடிய கதிர்த் திசுக்கள் அவை. இப்படி அறுத்தால் மரம் நிறைய வீணாகும். ஆனால் பலகை எளிதில் வளையாது, கோணாது. ஸ்டிக்லி இதைத்தான் விரும்பிப் பயன்படுத்தினார். சாயம் இந்தப் பட்டைகளில் சரியாக ஏறாது. அடர்த்தியான பட்டை சாயத்தை உறிஞ்சாமல் வெளிறியே நிற்கும், பக்கத்தில் இருக்கும் துளைகள் மட்டும் குடித்துக் கறுக்கும். பார்க்கத் திட்டுத்திட்டாக இருக்கும். கெட்டியான நிறமியைப் பூசி மூடலாம், ஆனால் அப்போது மரமே தெரியாது. மறுபடியும் பழைய பொய்தான்.

விடை குதிரை லாயத்தில் இருந்தது. இங்கிலாந்தில் ஒரு லாயத்தில் போட்டு வைத்திருந்த ஓக் பலகைகள் கொஞ்ச காலத்தில் தானாகவே அழகான பழுப்பு நிறத்துக்கு மாறியிருந்தன, காரணம் தேடியபோது லாயத்தில் எப்போதும் நிறைந்திருக்கும் அம்மோனியா என்று தெரிந்தது என ஸ்டிக்லி எழுதியிருக்கிறார். இந்த முறையைக் கண்டுபிடித்தவர் அவர் இல்லை, அப்படி அவர் சொல்லிக்கொள்ளவும் இல்லை. ஆனால் அதைத் தன் தொழிற்சாலையின் முகமாக ஆக்கியவர் அவர்தான்.

ஓக் மரத்துக்குள் டானின் நிறைய இருக்கிறது. துவர்ப்புக்குக் காரணமான அதே பொருள். கடுக்காயில் இருப்பது, நம் ஊரில் தோல் பதனிடப் பயன்பட்ட ஆவாரம்பட்டையில் இருப்பது. இரும்புக் கத்தியால நெல்லிக்காய் நறுக்கும்போது வெட்டுன இடம் கறுத்துப் போறதைப் பார்த்திருப்பீங்க, அதுவும் இதோட வேலைதான். அம்மோனியா ஒரு காரம். அந்த வாயு மரத்துக்குள் புகுந்ததும் அங்கே காரச் சூழல் உண்டாகிறது. அப்போது டானினில் உள்ள ஃபீனால் வகைச் சேர்மங்கள் ஆக்ஸிஜனோடு சட்டென்று வினைபுரிந்து கருமையான சேர்மங்களாகின்றன. கவனியுங்க, வெளியிலிருந்து நிறம் எதுவுமே உள்ளே போகவில்லை. நிறம் மரத்திலிருந்தே பிறக்கிறது. வாயு என்பதால் துளை, பட்டை என்று பாகுபாடு பார்க்காமல் எல்லா இடத்திலும் புகும், மேற்பரப்பைத் தாண்டியும் கொஞ்சம் ஆழம் போகும். பட்டைகளும் சேர்ந்து கறுக்கும், ஆனால் அவற்றின் மினுமினுப்பு அப்படியே இருக்கும்.

தொழிற்சாலை முறை இப்படி. முதலில் மரத்தை இழைத்து, தண்ணீரில் நனைத்து, நார்கள் எழும்பியதும் தேய்த்து மழமழவென்று ஆக்குவார்கள். பிறகு காற்றுப் புகாத அறைக்குள் சாமானை வைத்து, தரையில் அகலமான பாத்திரங்களில் 26 சதவீத அம்மோனியாக் கரைசலை ஊற்றிவிட்டுக் கதவை அடைத்துவிடுவார்கள். வேண்டிய கருமையைப் பொறுத்து இரண்டு நாள் வரை கூட ஆகும். வெளியே வரும்போது மரம் சாம்பல் பூத்தது போல மந்தமாக, பார்க்கவே பரிதாபமாக இருக்கும். யாரும் பாராட்ட மாட்டார்கள். மேலே மெல்லிய அரக்குப் பூச்சு ஏறி, அதைத் தேய்த்து, மெழுகும் போட்ட பிறகுதான் அந்த ஆழமான பழுப்பு எழுந்து வரும்.

இதிலும் தொல்லைகள் உண்டு. எல்லா ஓக்கும் ஒன்றல்ல. வெள்ளை ஓக்கில் டானின் அதிகம் என்பதால் நன்றாகக் கறுக்கும், சிவப்பு ஓக் அவ்வளவாகக் கறுக்காது. ஒரே இனத்திலும் மரத்துக்கு மரம் டானின் அளவு மாறும். ஒரு நாற்காலியின் நாலு காலும் நாலு மரத்திலிருந்து வந்திருந்தால் நாலு நிறமாக வெளியே வரும். பட்டையை ஒட்டிய வெளிமரத்தில் டானின் குறைவு, அது வெளிறியே நிற்கும். அதனால் மேற்பூச்சில் கொஞ்சம் நிறம் கலந்து சரிக்கட்டுவது ஸ்டிக்லியின் பட்டறையிலும் நடந்தது. நேர்மை, நேர்மை என்றவர் இங்கே கொஞ்சம் வளைந்து கொடுத்தார்தான். எனக்கு இது குறையாகத் தெரியவில்லை. வேலை தெரிந்தவனின் சமரசம்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிடறேன். லேப்ல இருக்குற அடர் அம்மோனியா பாட்டில் கிட்டத்தட்ட இதே அடர்த்திதான். கண்ணையும் நுரையீரலையும் காலி பண்ணிடும். ஹாஸ்டல் ரூம்ல ட்ரை பண்ற ஐடியா இருந்தா இப்பவே மறந்துடுங்க.

சரி, கதைக்கு வருவோம். 1901 அக்டோபரில் அவர் தி கிராஃப்ட்ஸ்மேன் என்ற மாத இதழைத் தொடங்கினார். முதல் இதழ் மோரிஸைப் பற்றியது, இரண்டாவது ரஸ்கினைப் பற்றியது. தொடக்க இதழ்களை எழுதியவர் சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்திய ஐரீன் சார்ஜென்ட் என்ற பெண்மணி. அதே வருஷக் கடைசியில் கொலம்பஸ் அவென்யூவில் இருந்த ஸ்டிக்லியின் வீட்டில் தீ விபத்து நடந்தது. வீட்டின் உட்புறத்தைத் தன் கொள்கைப்படியே திருப்பிக் கட்டினார். மறைக்காத உத்தரங்கள், கறுத்த மரப் பலகைகள், திறந்த பெரிய அறைகள். அந்த வீட்டுக்காகவே ஒரு பெரிய பரிமாறு மேசையும் செய்யப்பட்டது.

பத்திரிகையில் அவர் செய்த ஒரு காரியம் நம்ம ஆட்களுக்கு ரொம்பப் பிடிக்கும். தொழில் ரகசியத்தைப் பூட்டி வைக்கவில்லை. நாற்காலி, மேசை செய்ய அளவுகளோடு வரைபடம் போட்டார், வீட்டிலேயே செய்து பார்க்கச் சொன்னார். அம்மோனியா முறையை முழுசாக விளக்கினார். பொருள் பெரிதாக இருந்து மூடிய அறைக்குள் வைக்க முடியாவிட்டால் கரைசலை நேராகவே எப்படித் தடவுவது, மேப்பிள் மரத்துக்கு வெள்ளிச் சாம்பல் நிறம் வர இரும்பை வினிகரில் ஊறவைத்து எப்படிப் பூசுவது என்று சமையல் குறிப்பு மாதிரி எழுதினார். வீடு கட்டும் வரைபடங்கள் மட்டுமே இருநூறுக்கு மேல் வந்தன. இன்றைய மொழியில் சொன்னால் ஓப்பன் சோர்ஸ்.

ஓப்பன் சோர்ஸின் பலனும் கிடைத்தது. நாடு முழுக்க ஆளாளுக்கு அதே மாதிரி செய்ய ஆரம்பித்தார்கள். நல்ல மரமோ நல்ல இணைப்போ இல்லாமல், கறுப்புச் சாயத்தைப் பூசி, போலி நாக்கை வெளியே ஒட்டிய மலிவுச் சாமான்கள் குவிந்தன. தச்சரின் கவராயமும், என்னால் முடிந்தவரை என்று பொருள்படும் ஃபிளெமிஷ் வாசகமும் பொறித்த தன் முத்திரையைப் பார்த்து வாங்கும்படி அவர் விளம்பரம் செய்ய வேண்டியதாயிற்று. போட்டியாளர்களில் அவருடைய தம்பிகளே இருந்தார்கள் என்பதுதான் வேடிக்கை. லியோபோல்டும் ஜான் ஜார்ஜும் பக்கத்து ஃபயெட்வில்லில் தனிக் கம்பெனி வைத்து, அண்ணனின் பாணியிலேயே, ஆனால் கணக்கு வழக்கில் அண்ணனைவிடக் கெட்டியாகத் தொழில் செய்தார்கள்.

இன்னொரு முரணும் இருந்தது. எளிய மக்களின் வீட்டுக்காக என்று அவர் எழுதினார். ஆனால் நல்ல ஓக், பொறுமையான வேலை என்றால் விலை ஏறும். கடைசியில் வாங்கியவர்கள் வசதியான நடுத்தர வர்க்கம்தான். எந்திரத்தையும் அவர் ஒதுக்கவில்லை. அறுப்பதற்கும் இழைப்பதற்கும் எந்திரம், இணைப்பதற்கும் மெருகேற்றுவதற்கும் மனிதக் கை என்று பிரித்துக்கொண்டார். மோரிஸின் தீவிர ரசிகர்கள் இதைத் துரோகம் என்பார்கள். எந்திரவியல் படிக்கிற நமக்கு இது நியாயமான முடிவாகத்தான் படுகிறது, இல்லையா?

அவரைக் கவிழ்த்தது அம்மோனியாவும் இல்லை, நகல் எடுத்தவர்களும் மட்டும் இல்லை. ஆசை. 1908லிருந்து நியூ ஜெர்சியில் நிலம் வாங்க ஆரம்பித்தார், அது 650 ஏக்கர் வரை வளர்ந்தது. கிராஃப்ட்ஸ்மேன் ஃபார்ம்ஸ் என்று பெயர். பையன்கள் விவசாயமும் கைத்தொழிலும் சேர்த்துக் கற்கும் பள்ளிக்கூடம் அங்கே வர வேண்டும் என்பது கனவு. அந்த நிலத்தின் செஸ்ட்நட் மரங்களை வெட்டி ஒரு பெரிய மர வீடு கட்டினார்கள். பள்ளிக்கூடம் திறக்கவே இல்லை. மர வீட்டில் அவருடைய குடும்பம் குடியேறியது.

1913ல் மன்ஹாட்டனில் பன்னிரண்டு மாடிக் கட்டடம் ஒன்றை எடுத்தார். மரச்சாமான் காட்சிக்கூடங்கள், பத்திரிகை அலுவலகம், நூலகம், விரிவுரைக் கூடம், மேலே பண்ணைக் காய்கறியில் சமைக்கும் உணவகம். எளிமையைப் போதித்தவருக்குப் பன்னிரண்டு மாடி! ஆனால் மக்களின் ரசனை அதற்குள் நகர்ந்துவிட்டது. கறுத்த, கனத்த ஓக் அலுத்துப்போய், மெல்லிய பழங்கால பாணிச் சாமான்கள் பக்கம் போனார்கள். ஐரோப்பாவில் போரும் தொடங்கிவிட்டது. கட்டடச் செலவு மட்டும் குறையவில்லை. 1915 மார்ச்சில் திவால் மனு போட்டார்.

அதற்குப் பிறகு 1916ல் க்ரோம்வால்ட் என்ற பெயரில் வண்ணமயமான மெருகோடு ஒரு புதிய வரிசையைக் கொண்டுவந்தார். எடுபடவில்லை. எனக்கு இந்த இடத்தில்தான் மனசு கஷ்டமாக இருக்கிறது. மரத்தின் நிறம் மரத்துக்குள்ளிருந்தே வர வேண்டும் என்று பதினைந்து வருஷம் பேசியவர், கடைசி முயற்சியாக வண்ணப் பூச்சைக் கையில் எடுத்தார். அந்த வருஷ டிசம்பரோடு பத்திரிகை நின்றது. அடுத்த வருஷம் பண்ணை விற்கப்பட்டது. ஈஸ்ட்வுட் தொழிற்சாலை தம்பிகளின் கம்பெனி கைக்குப் போனது.

ஐம்பத்தொன்பது வயதில் எல்லாம் முடிந்த மனிதர், அதற்குப் பிறகும் கால் நூற்றாண்டு உயிரோடு இருந்தார். சிரக்யூஸுக்கே திரும்பினார். தான் ஒரு காலத்தில் திருப்பிக் கட்டிய அதே கொலம்பஸ் அவென்யூ வீட்டில் மகள் குடும்பத்தோடு தங்கினார். வெளியுலகம் மறந்துவிட்டது. வீட்டில் அவர் செய்துகொண்டிருந்தது என்ன தெரியுமா? மரத்துக்கான மெருகுப் பூச்சுச் சோதனைகள். வாங்க ஆளில்லை, விற்கக் கடையில்லை, இருந்தும் இன்னும் நல்ல ஒரு மெருகைத் தேடிக்கொண்டே இருந்தார். 1942 ஏப்ரலில், 84 வயதில், இறந்தார்.

அந்த நேரத்தில் அவர் செய்த சாமான்கள் பல வீடுகளில் மாடி அறைக்கும் கொட்டகைக்கும் போயிருந்தன. சிலவற்றுக்கு வெள்ளைப் பெயின்ட் அடித்திருந்தார்கள். 1972ல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் அந்தக் காலக் கைவினை இயக்கத்தைப் பற்றி ஒரு கண்காட்சி நடந்த பிறகுதான் மறுபடி தேட ஆரம்பித்தார்கள். 1988ல் கொலம்பஸ் அவென்யூ வீட்டின் அந்தப் பரிமாறு மேசை நியூயார்க்கில் ஏலத்துக்கு வந்தது. பாடகி பார்ப்ரா ஸ்ட்ரைசாண்ட் 3,63,000 டாலருக்கு வாங்கினார். பண்ணை வீடு இன்று அருங்காட்சியகம். தம்பிகளின் கம்பெனி இன்றும் நடக்கிறது, 1989லிருந்து அந்தப் பழைய வடிவங்களைத் திரும்பவும் செய்கிறது.

ஏலக் கூடத்தில் ஸ்டிக்லி சாமான் வந்தால் முதலில் பார்ப்பது முத்திரையை, அடுத்து மெருகை. யாராவது சுரண்டிவிட்டுப் பளபள வார்னிஷ் அடித்திருந்தால் விலை மளமளவென்று இறங்கிவிடும். அப்படிச் சுரண்டியவர்களுக்கு ஓர் அதிர்ச்சியும் காத்திருக்கும். மெழுகும் அரக்கும் போன பிறகும் மரம் வெளுக்காது. இழைப்புளி போட்டு மேல் மரத்தையே சீவி எடுத்தால்தான் அந்தப் பழுப்பு போகும்.